முப்பது பேர் வரம்பு, பதின்மூன்று பேர் வருகை: புப்ரெனார்ஃபின் சீட்டின் வரவு செலவு

2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓபியாய்டு வலிநிவாரணிகளுக்காக எழுதப்பட்ட மருந்துச் சீட்டுகள் 25.5 கோடி. நூறு பேருக்கு 81 சீட்டு. தொட்டில் பிள்ளை முதல் தொண்ணூறு வயதுக்காரர் வரை எல்லாரையும் சேர்த்து வகுத்த கணக்கு. அந்தச் சீட்டை எழுத மருத்துவரிடம் இருக்க வேண்டியது, போதைமருந்து அமலாக்க முகமையான டிஇஏ தரும் ஒரு பதிவெண். எத்தனை பேருக்கு எழுதுகிறீர்கள் என்று சட்டம் கேட்கவில்லை.

அதே மருத்துவர், அந்த மாத்திரையிலோ ஹெராயினிலோ மாட்டிக்கொண்ட ஒருவரை மீட்கப் புப்ரெனார்ஃபின் எழுத விரும்பினால் கதை வேறு. 8 மணி நேரத் தனிப் பயிற்சி. தனி விண்ணப்பம். எக்ஸ் என்ற எழுத்தில் தொடங்கும் இன்னொரு பதிவெண். இத்தனைக்கும் மேலே ஒரு தலைக்கணக்கு: தொடக்கத்தில் ஒரே சமயத்தில் 30 நோயாளிகள்தாம். முப்பத்தோராவது ஆள் வாசலில் வந்து நின்றால், உள்ளே இருப்பவர்களில் ஒருவர் சிகிச்சையை விட்டுப் போகும்வரை அவர் காத்திருக்க வேண்டும். அமெரிக்க மருத்துவத்தில் சட்டமே நோயாளியை எண்ணிக் கொடுத்த நோய் இதைத் தவிர இன்னொன்றைச் சொல்வது கடினம்.

அந்த வரம்பு இப்போது இல்லை. 2022 டிசம்பரில் போய்விட்டது. போன பிறகும் சிகிச்சை ஏன் பெருகவில்லை என்பதுதான் இங்கே கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய கணக்கு.

முதலில், மருந்து என்ன தருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். சுவீடனில் 40 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2003இல் லான்செட் இதழில் வந்தது. 20 பேருக்கு நாளுக்கு 16 மில்லிகிராம் புப்ரெனார்ஃபின். மற்ற 20 பேருக்கு ஆறு நாள் படிப்படியாகக் குறைத்த மருந்து, பிறகு வெற்று மாத்திரை. இரு தரப்புக்கும் ஆலோசனை ஒன்றுபோலவே கிடைத்தது. ஓராண்டு முடிவில் மருந்துக் குழுவில் சிகிச்சையில் நீடித்தவர்கள் 75 சதவீதம். மற்ற குழுவில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் 4 பேர் இறந்தும் போனார்கள். ஆய்வு சிறியது. பெரிய கணக்கு 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது, பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்தது. ஆயிரம் பேரை ஓராண்டு பின்தொடர்ந்தால், அளவு மீறி இறப்பவர்கள், இதே சிகிச்சைக்கான பழைய மருந்தான மெத்தடோன் எடுக்கும் காலத்தில் 2.6, விட்ட காலத்தில் 12.7. புப்ரெனார்ஃபினில் 1.4, விட்ட காலத்தில் 4.6. எல்லாக் காரணச் சாவுகளையும் சேர்த்தால் மெத்தடோனில் 11.3க்கு எதிரே 36.1, புப்ரெனார்ஃபினில் 4.3க்கு எதிரே 9.5. இவை பெரும்பாலும், வீரியம் மிக்க செயற்கை ஓபியாய்டான ஃபெண்டனில் தெருவை ஆக்கிரமிக்குமுன் திரட்டிய எண்கள். இன்று மருந்தை விட்டவர் திரும்பிப் போகும் தெரு அதைவிடக் கொடியது. 2022இல் அமெரிக்காவில் போதைப்பொருள் அளவு மீறி இறந்தவர்கள் 1,07,941 பேர். அதில் ஓபியாய்டு கலந்த சாவுகள் 81,806.

இப்படிப்பட்ட மருந்துக்கு 30 என்ற பூட்டு எங்கிருந்து வந்தது? 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டம் அபின் வகை மருந்துகளுக்கு வரியும் பதிவும் கொண்டுவந்தது. அடிமைப்பட்டவர் நிலைகுலையாமல் இருக்க மருத்துவர் தொடர்ந்து மருந்து தருவது மருத்துவத் தொழிலாகாது என்று 1919இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குக்கு அஞ்சிய மருத்துவர்கள் இந்த நோயாளிகளையே கைகழுவினார்கள். 1960களில் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் 22 நோயாளிகளுக்கு மெத்தடோன் கொடுத்துப் பார்த்து 1965இல் எழுதிய கட்டுரைதான் கதவை மறுபடி திறந்தது. கதவு திறந்தும் பூட்டு போகவில்லை. அடிமைத்தனத்துக்கு மெத்தடோன் என்றால் தனி உரிமம் பெற்ற மையத்தில்தான். நாள்தோறும் வரிசையில் நின்று, தாதி கண்முன் குடித்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. சாதாரண மருத்துவர் தம் அறையில் உட்கார்ந்து எழுத முடியாது. மையத்தில் மட்டுமே என்ற விதி இன்றுவரை நீடிக்கிறது.

புப்ரெனார்ஃபின் 1966இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ரெக்கிட் அண்ட் கோல்மன் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானது. அபின் ஏற்பிகளை அது பாதியளவே தூண்டுகிறது. அதனால் ஓர் அளவுக்கு மேல் மூச்சை அடக்குவதில்லை. அறைக்குள் எழுதித் தரத் தக்கது என்ற எண்ணம் இதனால்தான் வந்தது. 2000 அக்டோபர் 17 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழி செய்தது. மருந்துக்கு உணவு மருந்து முகமையான எஃப்டிஏவின் அனுமதி வந்தது 2002 அக்டோபர் 8. சட்டம் முன்னால் வந்து இரண்டு ஆண்டுகள் மருந்துக்காகக் காத்திருந்தது. வரம்பு மட்டும் முதல் நாளே தயாராக இருந்தது.

அந்த வரம்பின் முதல் வடிவம் நகைப்புக்குரியது. 30 என்பது தனி மருத்துவருக்கு மட்டும் சொன்னதில்லை, ஒரு குழுமத்துக்கே சொன்னது. ஐந்நூறு மருத்துவர்கள் ஒரே பெயரில் இயங்கும் பெரிய மருத்துவமனையும், முடுக்கில் இருவர் நடத்தும் கிளினிக்கும் ஒன்றே: 30 நோயாளிகள். இந்த அபத்தத்தை நீக்க 2005 ஆகஸ்ட் வரை பிடித்தது. 2006 இறுதியில், ஓராண்டு அனுபவம் உள்ள மருத்துவருக்கு 100 பேர். 2016 ஆகஸ்டில், சில தகுதிகளோடு 275 பேர், கூடவே ஆண்டறிக்கை. அதே ஆண்டு தாதிய மருத்துவர்களுக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் மருத்துவருக்கு 8 மணி நேரம் போதுமான பயிற்சி இவர்களுக்கு 24 மணி நேரம் என்று வைத்தார்கள். 2021 ஏப்ரலில், 30 பேருக்குள் நிறுத்திக்கொள்கிறவருக்குப் பயிற்சி வேண்டாம் என்றார்கள். 2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான நிதிச் சட்டத்தில் எக்ஸ் எண், வரம்பு, தனி விண்ணப்பம் எல்லாம் ஒருசேர அகன்றன. அனுமதி பெற்றிருந்தவர்கள் அதுவரை ஏறத்தாழ 1 லட்சத்து 29 ஆயிரம் பேர். மறுநாள் எழுதத் தகுதி பெற்றவர்கள் ஏறத்தாழ 20 லட்சம்.

பதினைந்து மடங்கு. ஒரு கையெழுத்தில் ஒரு சிகிச்சையின் கதவு இத்தனை அகலமாகத் திறந்தது அபூர்வம். பின்வந்த மாதங்களில் எழுதும் மருத்துவர்களின் எண்ணிக்கை சற்றே ஏறியது. மருந்து பெறும் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது.

வியப்பதற்கில்லை. வரம்பு இருந்த காலத்து எண்களே இதைச் சொல்லியிருந்தன. அனுமதி பெற்ற மருத்துவர்கள் அதிகமுள்ள ஏழு மாநிலங்களின் மருந்துக்கடைப் பதிவுகளை வைத்து 2016இல் ஜாமா இதழில் ஓர் ஆய்வு வந்தது. புப்ரெனார்ஃபின் எழுதும் 3,234 மருத்துவர்களை அடுக்கி நடுவில் நிற்பவரைப் பார்த்தால், மாதம் அவர் பார்த்தது 13 பேர். 22 சதவீதத்தினர் மூன்று பேருக்கு மேல் பார்க்கவில்லை. 75 பேரைத் தாண்டியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 30ஆ, 100ஆ, 275ஆ என்று வாஷிங்டனில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, பெரும்பாலான மருத்துவர்களின் தலை கூரையைத் தொடவே இல்லை. கூரையை உயர்த்துவது செலவில்லாத வேலை. அரசுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

பதின்மூன்றில் நிற்பவரைத் தடுப்பது எது? பணமா என்று பார்த்தால், நுழைவுச் செலவு சொற்பம். டிஇஏ பதிவுக்கு மூன்றாண்டுக்கு 888 டாலர். ஆண்டுக்கு 296. அதை 30 நோயாளிகளுக்குப் பங்கிட்டால் தலைக்குப் பத்து டாலர்கூட வராது. தவிர அந்தப் பதிவு அவரிடம் எப்படியும் இருக்கும். பயிற்சி இலவசம். கூட்டாட்சி அரசின் சாம்சா முகமை பணம் தந்து நடத்தும் பிசிஎஸ்எஸ் என்ற திட்டத்தில் எட்டு மணி நேரத்தையும் இணையத்தில் உட்கார்ந்தபடி முடித்துவிடலாம். சாம்சாவின் 40ஆம் எண் கையேடு 2004இல் வந்தது. அதன் இடத்தில் 2018இல் வந்த 63ஆம் எண் கையேடு மெத்தடோன், புப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்சோன் என்ற மூன்று மருந்துகளையும் ஒரே நூலில் சொல்கிறது. அதுவும் காசில்லாமல்.

மருந்தளவும் சிக்கலானதில்லை. கடைசியாக போதை எடுத்தபின் விலகல் அறிகுறிகள் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். அதை அளக்க 11 கேள்விகள், மொத்தம் 48 மதிப்பெண் கொண்ட அட்டை உண்டு: நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணி விரிவு, கொட்டாவி, மயிர்க்கூச்சு. 5 முதல் 12 வரை லேசானது. 13 முதல் 24 வரை நடுத்தரம். ஏறக்குறைய பத்தைத் தொட்டதும் தொடங்கலாம். முதல் நாள் 8 மில்லிகிராம் வரை, மறுநாள் 16 வரை. நாக்கின் அடியில் வைக்கும் பட்டையில் புப்ரெனார்ஃபினும் நலோக்சோனும் நான்குக்கு ஒன்று என்ற விகிதம். 8க்கு 2 அளவுள்ள பட்டை நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு 60. 30 நோயாளிகளுக்கு 1,800 பட்டை. கரைத்து ஊசி போட்டுக்கொள்வதைத் தடுக்கவே அந்த நலோக்சோன். நாக்கின் அடியில் அது வேலை செய்வதில்லை.

நோயாளிக்கும் காப்பீட்டுக்கும் ஆகும் செலவைத் தேசிய போதை ஆய்வு நிறுவனம் ஒருமுறை இப்படிக் கணக்கிட்டது. மையத்துக்கு நாள்தோறும் வந்துபோகும் மெத்தடோன் சிகிச்சை வாரம் 126 டாலர், ஆண்டுக்கு 6,552. மையத்தில் வாரம் இருமுறை வந்து பெறும் புப்ரெனார்ஃபின் வாரம் 115, ஆண்டுக்கு 5,980. மாதம் ஒருமுறை ஊசியாகப் போடும் நால்ட்ரெக்சோன் மாதம் 1,176.50, ஆண்டுக்கு 14,100ஐ ஒட்டி. ஒப்பீட்டுக்கு அதே நிறுவனம் நீரிழிவை வைக்கிறது: ஆண்டுக்கு 3,560. தனி மருத்துவர் அறையில் நிலைபெற்ற நோயாளி மாதம் ஒருமுறை வந்துபோனால் இந்த 5,980 வெகுவாக இறங்கும். மேலே உள்ளது வாரம் இருமுறை வருகையின் விலை. மறுபுறம், 2017இல் அனுமதி பெற்ற மாதாந்தர புப்ரெனார்ஃபின் ஊசி சந்தைக்கு வரும்போது ஒன்று 1,580 டாலர், பன்னிரண்டுக்கு 18,960.

இதெல்லாம் காப்பீடு தரும் பணம். மருத்துவரின் கையிலிருந்து போவது நேரம், அதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. முதியோர் காப்பீடான மெடிகேர் 2020 முதல் இந்தச் சிகிச்சைக்கு மாதத் தொகுப்பாகப் பணம் தருகிறது. அதைப் பெற முதல் மாதம் குறைந்தது 70 நிமிடம், அடுத்த மாதங்களில் குறைந்தது 60 நிமிடம் நோயாளிக்காகச் செலவாகியிருக்க வேண்டும். மருத்துவர், ஆலோசகர், ஒருங்கிணைப்பவர் எல்லாருடைய நேரமும் இதில் சேரும். இந்த அளவையே எல்லா நோயாளிக்கும் வைத்துப் பார்ப்போம். ஒருவருக்கு ஆண்டுக்கு 70உம் பதினோரு அறுபதும்: 730 நிமிடம்.

13 பேருக்கு 158 மணி நேரம். சொந்த வேலைகளுக்கு நடுவே ஒரு குடும்ப மருத்துவர் சமாளிக்கலாம். 30 பேருக்கு 365 மணி நேரம், அதாவது நாளொன்றுக்கு ஒரு மணி, ஞாயிறும் சேர்த்து. 100 பேருக்கு 1,217. 275 பேருக்கு 3,346. வாரம் 40 மணி வீதம் ஐம்பது வாரம் உழைக்கும் ஒருவரின் ஆண்டு முழுவதுமே 2,000 மணி நேரம்தான். 2016இல் பெருந்தன்மையோடு உயர்த்திய 275ஐத் தனியாள் எட்ட வேண்டுமானால், மற்ற நோயாளி ஒருவரையும் பார்க்காமல், ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆளாக அவர் உழைக்க வேண்டும். பதின்மூன்று என்ற எண்ணில் சோம்பலோ வெறுப்போ இருந்திருக்கலாம். முதன்மையாக அது உதவியாள் இல்லாத ஒரு மருத்துவரின் கொள்ளளவு.

ஆளைக் கொடுத்துப் பார்த்த மாநிலங்கள் உண்டு. பாஸ்டன் மெடிக்கல் சென்டரில் 2003இல் ஒரு தாதியை நடுவில் வைத்து ஒரு முறையை உருவாக்கினார்கள். புதிதாக வருபவரிடம் விவரம் கேட்பது, மருந்தைப் பற்றிச் சொல்லித் தருவது, முதல் நாட்களில் தொலைபேசியில் கூடவே இருப்பது, சிறுநீர்ப் பரிசோதனை, மறு சீட்டுக்கான ஏற்பாடு, காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவது என்று எல்லாம் தாதியின் பொறுப்பு. மருத்துவர் நோயை உறுதிசெய்து சீட்டு எழுதுவார், சிக்கல் வந்தால் பார்ப்பார். ஒரு தாதிக்கு நூறு முதல் நூற்றிருபத்தைந்து நோயாளிகள். 2007இல் மாசசூசெட்ஸ் மாநில அரசு இந்தத் தாதிகளுக்கான பணத்தைத் தந்து 14 சமூக சுகாதார மையங்களுக்கு முறையைப் பரப்பியது. அந்த மையங்களில் புப்ரெனார்ஃபின் எழுத அனுமதி பெற்ற மருத்துவர்கள் 24 பேர். மூன்றாண்டில் 114. இத்தனைக்கும் 30, 100 என்ற வரம்பும் எட்டு மணி நேரப் பயிற்சியும் அப்போது நடைமுறையில் இருந்தன. சட்டம் ஓர் எழுத்தும் மாறாமல் மருத்துவர் எண்ணிக்கை ஐந்து மடங்கை நெருங்கியது.

வெர்மாண்ட் 2013 முதல் கையாளும் ஏற்பாட்டில் கணக்கு இன்னும் துலக்கம். மெத்தடோனும் தரக்கூடிய மையங்கள் சக்கரத்தின் குடத்தைப் போல நடுவில். குடும்ப மருத்துவர்கள் சக்கர ஆரங்கள்போலச் சுற்றிலும். சிக்கலான நோயாளி மையத்தில் தொடங்கி, நிலைபெற்றதும் மருத்துவரிடம் வருவார். நிலை குலைந்தால் மீண்டும் மையம். மருத்துவர்களிடம் இருக்கும், குறைந்த வருவாயினருக்கான காப்பீடான மெடிக்கெய்டைச் சேர்ந்த நோயாளிகள் ஒவ்வொரு நூறு பேருக்கும் ஒரு முழுநேரத் தாதி, ஒரு முழுநேர ஆலோசகர். சம்பளம் மாநிலத்தின் பொறுப்பு. இரண்டு பேர், 4,000 மணி நேரம். மேலே போட்ட நிமிடக் கணக்கில் 100 நோயாளிகளுக்கு வேண்டியது 1,217. நிறைய மிச்சம். அந்த மிச்சத்தில்தான் வீடற்றவரைத் தேடிப் போவதும், சிறையிலிருந்து வருபவரை வாசலில் பிடிப்பதும் நடக்கும்.

நேரத்துக்கு அடுத்த தடை அச்சம். எட்டு மணி நேரப் பயிற்சி முடித்த மருத்துவருக்கும் முதல் நோயாளியின் முன் கை தயங்கும். ஃபெண்டனில் உடம்பில் இருக்கும்போது புப்ரெனார்ஃபின் கொடுத்தால், அது ஏற்பியிலிருந்து ஃபெண்டனிலைத் தள்ளிவிட்டுத் திடீரென்று கடும் விலகல் வேதனையைக் கிளப்பும் என்ற பேச்சு பரவியிருந்தது. இருபத்தெட்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வின் எண் 2023இல் வந்தது: 1,200 பேரில் 9 பேருக்கு. ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பயத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் பயத்தின் அளவுக்கு இல்லை. அப்படியும் அஞ்சும் நோயாளிக்கு 2016இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து வந்த வழி இருக்கிறது: 0.2 மில்லிகிராமில் தொடங்கி, பழைய போதையை உடனே நிறுத்தாமல், நாளுக்கு நாள் ஏற்றிப் போவது.

இதையெல்லாம் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. அந்த நேரத்தில் ஒருவரைக் கேட்க முடிவது இன்னொன்று. பிசிஎஸ்எஸ் திட்டம் அனுபவமுள்ள மருத்துவர் ஒருவரைப் புதியவருக்கு வழிகாட்டியாக இலவசமாகச் சேர்த்துவைக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் நடத்தும் ஆலோசனைத் தொலைபேசியில் எந்த மாநில மருத்துவரும் கூப்பிட்டு நிபுணரிடம் பேசலாம். நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா 2003இல் கல்லீரல் அழற்சிக்காகத் தொடங்கிய எக்கோ திட்டம் சீக்கிரமே இந்தத் துறைக்கும் வந்தது: கிராமத்து மருத்துவர்கள் வாரந்தோறும் காணொளியில் கூடி, பெயர் சொல்லாமல் தம் நோயாளியை எடுத்துரைத்து, நிபுணரோடும் ஒருவரோடொருவரும் விவாதிப்பார்கள். 2018இல் அமெரிக்க மாவட்டங்களில் 40 சதவீதத்தில் அனுமதி பெற்றவர் ஒருவர்கூட இல்லை என்று சுகாதாரத் துறையின் கண்காணிப்பு அலுவலகமே சொன்னது. அப்படிப்பட்ட ஊரில் நூறு மைல் சுற்றளவுக்கு ஒரே மருத்துவராக இருப்பவருக்கு இந்த வாரக் கூட்டத்தை எந்தப் பயிற்சிச் சான்றிதழோடும் மாற்றிக்கொள்ள மனம் வராது.

வரம்பு நீங்கியபோது சட்டம் பதிலுக்கு ஒன்றைக் கேட்டது: டிஇஏ பதிவுள்ள எல்லா மருத்துவரும் ஒருமுறை 8 மணி நேரம் போதை நோய்களைப் பற்றிப் பயில வேண்டும், 2023 ஜூன் 27 முதல். 20 லட்சம் பேரை எட்டால் பெருக்கினால் 1 கோடியே 60 லட்சம் மணி நேரம். ஏற்கெனவே தகுதி பெற்றவர்களைக் கழித்தாலும் பெருந்தொகை. கண் மருத்துவரும் பல் மருத்துவரும் அதில் அடக்கம். இவர்களுக்கு இது கெடுதல் செய்யாது. ஆனால் அத்தனை மணி நேரத்தில் ஒரு சிறு பங்கை வழிகாட்டிகளுக்கும் வாரக் கூட்டங்களுக்கும் திருப்பியிருந்தால் பலன் கூடுதலாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அவசர சிகிச்சைப் பிரிவு தனி வரவு. யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 329 பேர். அங்கேயே முதல் வேளை புப்ரெனார்ஃபின் கொடுத்து மருத்துவரிடம் சேர்த்தவர்களில் 30ஆம் நாள் சிகிச்சையில் இருந்தவர்கள் 78 சதவீதம். முகவரிச் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பியவர்களில் 37. சற்றுப் பேசி, ஏற்பாடும் செய்து அனுப்பியவர்களில் 45. முகவரிச் சீட்டுக்கும் மருந்துப் பட்டைக்கும் உள்ள வேறுபாடு 41 புள்ளி. இந்த ஒரு வரியை ஒவ்வோர் அவசரப் பிரிவின் சுவரிலும் ஒட்டலாம்.

வரம்பே இல்லாமல் தொடங்கிய நாடு பிரான்ஸ். 1996 முதல் அங்கே எந்தப் பொது மருத்துவரும் தனிப் பயிற்சி, தனி அனுமதி எதுவுமின்றிப் புப்ரெனார்ஃபின் எழுதலாம். நாட்டின் மருத்துவர்களில் ஐந்தில் ஒருவர் எழுதும் நிலை வந்தது. 1995க்கும் 1999க்கும் இடையே அளவு மீறிய சாவுகள் 79 சதவீதம் குறைந்தன. இதை மேற்கோள் காட்டித்தான் அமெரிக்காவில் எக்ஸ் எண்ணை ஒழிக்கச் சொன்னார்கள். சொன்னவர்கள் பாதியை விட்டுவிட்டார்கள்: பிரான்ஸில் நோயாளியின் காப்பீடு முன்னனுமதி கேட்டு இழுத்தடிக்கவில்லை, மூலைக்கு மூலை மருந்துக்கடை அதைக் கொடுத்தது, கடைக்காரரும் சிகிச்சையில் ஒரு பங்காளி.

இனி இடைவெளியை எண்ணிப் பார்க்கலாம். 2021 தேசிய ஆய்வின்படி ஓபியாய்டு அடிமைத்தனம் உள்ள வயதுவந்தோர் 25 லட்சம். தெருவில் வசிப்பவரும் சிறையில் இருப்பவரும் இதில் சேரவில்லை. உண்மை எண் இதற்கும் மேல். மருந்துச் சிகிச்சை பெற்றவர்கள் 22 சதவீதம். மீதி 19.5 லட்சம். பழைய நடுமதிப்பான 13 பேர் வீதம் பார்க்க இன்னும் 1,50,000 மருத்துவர்கள் வேண்டும்; 20 லட்சத்தில் அது சிறு பங்கு என்று தோன்றும், ஆனால் 20 ஆண்டில் திரட்ட முடிந்தது 1,29,000 அனுமதிகள், அதிலும் பலர் ஒரு சீட்டும் எழுதவில்லை. வெர்மாண்ட் விகிதத்தில் போட்டால் 19,500 தாதிகள், 19,500 ஆலோசகர்கள். அமெரிக்கத் தாதியின் 2023ஆம் ஆண்டு நடுமதிப்புச் சம்பளம் 86,070 டாலர். தாதிகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 168 கோடி டாலர், சலுகைகள் சேராமல்.

பெரிய தொகைதான். பக்கத்தில் இன்னொரு தொகையை வைத்துப் பார்க்க வேண்டும். மெக்கெசன், அமெரிசோர்ஸ்பெர்கன், கார்டினல் ஆகிய மூன்று மருந்துப் பங்கீட்டு நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் ஓபியாய்டு வழக்குகளைத் தீர்க்க 2021இல் ஒப்புக்கொண்டது 2,600 கோடி டாலர்; பங்கீட்டாளர்கள் தரும் 2,100 கோடி 18 ஆண்டுத் தவணையில். மொத்தத்தில் குறைந்தது 85 சதவீதம் இந்தப் பாதிப்பைக் களையவே செலவாக வேண்டும் என்பது நிபந்தனை. அந்த 85 சதவீதத்தை 168 கோடியால் வகுத்தால் 13 ஆண்டுச் சம்பளம். பணம் மாநிலங்களுக்கும் மாவட்டங்களுக்கும் பிரிந்து போகிறது. எதற்குச் செலவிடுவது என்பதை அந்தந்த ஊரே முடிவு செய்கிறது. தாதிக்குச் சம்பளம் தரும் ஊரும் உண்டு, போலீஸ் வண்டி வாங்கிய ஊரும் உண்டு.

கடைசிப் பத்தி மருந்துக்கடைக்கு. மருத்துவர் எழுதியாயிற்று, தாதி காப்பீட்டோடு பேசி முடித்தாயிற்று. கடையில் பட்டை இல்லை. சாவு அதிகமுள்ள மாவட்டங்களில் கடைகளுக்குத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்த ஆய்வில் ஐந்தில் ஒரு கடை புப்ரெனார்ஃபின் தர மாட்டோம் என்றது. பெரிய கணக்கெடுப்பில் அதை இருப்பு வைத்திருந்த சில்லறைக் கடைகள் 58 சதவீதம். இதற்கு ஒரு காரணம் கடைக்காரரின் மனத்தடை. இன்னொன்று பங்கீட்டாளர் வைக்கும் உச்ச அளவு. ஒவ்வொரு கடையும் வாங்கும் கட்டுப்பாட்டு மருந்துகளைப் பங்கீட்டாளர் கண்காணிக்கிறார். அளவு மீறினால் சரக்கை நிறுத்திச் சந்தேகக் கொள்முதல் என்று டிஇஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நோயாளிகள் கொண்ட ஒரு மருத்துவரின் 1,800 பட்டைகளும் பக்கத்துக் கடை ஒன்றின் மேலேயே விழுந்தால் மணி அடிக்கும். இந்தக் கண்காணிப்பை இறுக்கியது அதே 2,600 கோடி டாலர் உடன்படிக்கையின் நிபந்தனைகள்தாம். வலிநிவாரணி வெள்ளத்தை அடைக்கப் போட்ட அணைக்குள் புப்ரெனார்ஃபினும் மாட்டிக்கொண்டது. அந்த மருந்தைத் தேவைக்கேற்பக் கொடுங்கள், உச்ச அளவுகளைத் திருத்திப் பாருங்கள் என்று டிஇஏவும் சுகாதாரத் துறையும் பங்கீட்டாளர்களுக்கும் கடைகளுக்கும் 2024இல் கடிதம் எழுதின. கடிதத்தில் எண் எதுவும் குறிப்பிடவில்லை; எவ்வளவு என்பது இப்போதும் பங்கீட்டாளரின் கையில்.